உள்ளரங்க ஹாக்கி: விதிகளும் அடிப்படைகளும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திறந்த மைதானத்தில் பதினொருவர் ஆடும் ஹாக்கியை அறிந்தவர்கள், கூரைக்குக் கீழே அறுவர் ஆடும் உள்ளரங்க ஹாக்கியை முதன்முறையாகப் பார்க்கும்போது எழுப்பும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்படுகின்றன. இவை சர்வதேச ஹாக்கி சம்மேளனம் வெளியிடும் உள்ளரங்க விதிநூலை அடிப்படையாகக் கொண்டவை. உள்ளூர்ப் போட்டிகளில் ஆட்ட நேரம், களத்தின் அளவு போன்றவற்றை அமைப்பாளர்கள் தங்கள் வசதிக்கேற்ப மாற்றிக்கொள்வதுண்டு.

உள்ளரங்க ஹாக்கி என்பது மைதான ஹாக்கியின் சுருங்கிய வடிவம்தானா?

பாதி உண்மை. மட்டையும் பந்தும் ஏறக்குறைய அவைதான். மட்டையின் தட்டையான பக்கத்தால் மட்டுமே ஆட வேண்டும், கோலுக்கு முன்னுள்ள அரைவட்டத்துக்குள் இருந்து ஆடினால்தான் கோல் என்ற அடிப்படைகளும் மாறவில்லை. ஆனால் மைதான விதிகளை அப்படியே எடுத்துச் சிறிய இடத்தில் பொருத்தியதாக இதை எண்ணக் கூடாது. வழவழப்பான தரை, நெருக்கமான சுவர்கள், தலைக்கு மேலே கூரை, கைக்கெட்டும் தூரத்தில் எதிராளி ஆகிய நான்கும் சேர்ந்துதான் இந்த ஆட்டத்தின் விதிகளைத் தீர்மானித்திருக்கின்றன. ஒரு விதி விசித்திரமாகத் தோன்றினால், அது அரங்கின் எந்தத் தன்மைக்கு விடையாக வந்தது என்று யோசித்துப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் புரிந்துவிடும்.

இந்த ஆட்டம் எங்கே, எதற்காகத் தோன்றியது?

1950களில் ஜெர்மனியில் தோன்றியது. அங்கே குளிர்காலத்தில் புல்தரை உறைந்தும் சேறாகியும் கிடக்கும் மாதங்களில் மைதான ஹாக்கி ஆட வழியில்லை. அந்த இடைவெளியில் ஆட்டக்காரர்கள் பயிற்சியை விட்டுவிடாமல் இருக்க உடற்பயிற்சி அரங்குகளுக்குள் ஆடத் தொடங்கினார்கள். விரைவில் அண்டை நாடுகளுக்கும் பரவி, 1966-இல் பெல்ஜியத்தில் பத்து நாட்டு அணிகள் கலந்துகொண்ட போட்டி நடந்தது. 1968-இல் சர்வதேச ஹாக்கி சம்மேளனம் இதைத் தன் அமைப்பு விதிகளுக்குள் சேர்த்துக்கொண்டது. ஆண்களுக்கான முதல் ஐரோப்பிய உள்ளரங்கப் போட்டி 1974-இல் பெர்லினிலும், பெண்களுக்கானது 1975-இல் பிரான்சின் அராஸ் நகரிலும் நடைபெற்றன.

ஜெர்மனியில் இன்றும் மைதான லீக்கின் இலையுதிர்காலப் பகுதிக்கும் வசந்தகாலப் பகுதிக்கும் இடையே, குளிர்காலத்தில் உள்ளரங்க லீக் தனியாக நடக்கிறது. ஒரே கிளப்பின் ஒரே ஆட்டக்காரர்கள் இரண்டிலும் ஆடுவது அங்கே இயல்பு. இதைக் குளிர்காலப் பொழுதுபோக்கு என்று மட்டும் கருதுவோர், அந்த நாட்டு மைதான அணி நெருக்கடியான இடத்தில் பந்தைக் கையாளும் விதத்தைக் கவனித்ததில்லை என்றே சொல்ல வேண்டும்.

ஆடுகளத்தின் அளவு என்ன?

நீளம் 36 முதல் 44 மீட்டர் வரை, அகலம் 18 முதல் 22 மீட்டர் வரை இருக்கலாம். பெரும்பாலும் 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்ட களத்திலேயே போட்டிகள் நடக்கின்றன. கோல் 3 மீட்டர் அகலமும் 2 மீட்டர் உயரமும் கொண்டது. மைதான ஹாக்கியின் கோலோ 3.66 மீட்டர் அகலமும் 2.14 மீட்டர் உயரமும் உடையது. கோல் கம்பங்களிலிருந்து 9 மீட்டர் தொலைவில் அரைவட்டக் கோடு வரையப்படும். கோல்கீப்பர் மட்டும் எதிர்கொள்ளும் தண்டனை வாய்ப்பான பெனால்டி ஸ்ட்ரோக் எடுக்கும் புள்ளி கோலுக்கு நேரெதிரே 7 மீட்டரில் இருக்கும்.

ஹேண்ட்பால் ஆடியவர்களுக்கு இந்த எண்கள் பழக்கமானவையாக இருக்கும். ஹேண்ட்பால் களமும் 40-க்கு 20 மீட்டர்தான்; அதன் கோலும் 3-க்கு 2 மீட்டர்தான்; அங்கும் 7 மீட்டரில் ஒரு குறியும் 9 மீட்டரில் ஒரு கோடும் உண்டு. ஜெர்மன் நகரங்களின் விளையாட்டு அரங்குகளில் ஹேண்ட்பாலுக்காக ஏற்கெனவே போடப்பட்டிருந்த அளவுகளோடு ஒத்துப்போனதால், புதிய கட்டடமோ புதிய கோலோ தேவைப்படாமல் ஹாக்கி உள்ளே நுழைய முடிந்தது.

இடம் எவ்வளவு குறைகிறது என்பதை ஒரு சிறு கணக்கால் உணரலாம். மைதான ஹாக்கியின் களம் 91.4 மீட்டர் நீளமும் 55 மீட்டர் அகலமும் கொண்டது. இருபத்திரண்டு பேருக்குப் பங்கிட்டால் ஒருவருக்கு ஏறத்தாழ 228 சதுர மீட்டர் கிடைக்கும். 40-க்கு 20 மீட்டர் அரங்கில் பன்னிருவருக்குப் பங்கிட்டால் தலைக்கு 67 சதுர மீட்டர்கூட வராது.

இருபுறமும் கிடக்கும் கட்டைகள் எதற்கு?

அவை பக்கப்பலகைகள். களத்தின் நீளவாக்கில் இரு புறமும் கோட்டுக்குப் பதிலாக இவை வைக்கப்படும். கோல் இருக்கும் குறுகிய பக்கங்களில் பலகை கிடையாது. குறுக்குவெட்டில் 10 சென்டிமீட்டர் உயரமும் 10 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட இந்தப் பலகைகளின் உட்பக்கம் களத்தை நோக்கிச் சற்றே சாய்ந்திருக்கும். பந்து மோதி மேலே துள்ளிவிடாமல், தரையோடு தரையாகத் திரும்பி வருவதற்கே இந்தச் சாய்வு.

பந்து எல்லை தாண்டாமல் ஆட்டம் இடைவிடாது ஓட இவை உதவுகின்றன என்பது ஒரு பயன். அதைவிட முக்கியமானது, பலகை ஒரு கூடுதல் ஆட்டக்காரரைப் போலச் செயல்படுவதுதான். எதிராளி நேர்வழியை மறித்து நிற்கும்போது பந்தைப் பலகையில் மோதவிட்டு அவருக்குப் பின்னால் ஓடும் சக ஆட்டக்காரரிடம் சேர்ப்பது உள்ளரங்க ஹாக்கியின் முதல் பாடம். கேரம் பலகையில் விளிம்பில் தட்டிக் காயைக் குழிக்கு அனுப்பப் பழகியவருக்கு இந்தக் கோணக் கணக்கு எளிதாகவே வரும்.

பந்து பலகையைத் தாண்டி வெளியே போனால், அது கடந்த இடத்துக்கு நேராகப் பலகையிலிருந்து 1 மீட்டர் உள்ளே வைத்து எதிரணி ஆட்டத்தைத் தொடங்கும்.

ஓர் அணியில் எத்தனை பேர்?

களத்தில் அறுவர், வழக்கமாக ஒரு கோல்கீப்பரும் ஐந்து ஆட்டக்காரர்களும். மாற்று ஆட்டக்காரர்களையும் சேர்த்து அணியில் அதிகபட்சம் பன்னிரண்டு பேர் இடம்பெறலாம். ஆட்டத்தை நிறுத்தாமலேயே எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். ஒருவர் வெளியே வந்த பிறகே மற்றவர் உள்ளே செல்ல வேண்டும். பெனால்டி கார்னர் (எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் தண்டனை வாய்ப்பு; கீழே விளக்கப்படுகிறது) வழங்கப்பட்டது முதல் அது முடியும்வரை மட்டும் மாற்றம் கூடாது; கோல்கீப்பர் காயமுற்றால் அதற்கு விலக்கு உண்டு. ஆட்டத்தின் வேகத்தில் ஓர் ஆட்டக்காரர் ஓரிரு நிமிடங்களிலேயே மூச்சு வாங்கத் தொடங்கிவிடுவார் என்பதால், தேர்ந்த அணிகள் ஆட்டம் முழுவதும் ஆட்களைச் சுழற்றிக்கொண்டே இருக்கும்.

ஆட்ட நேரம் எவ்வளவு?

சர்வதேசப் போட்டிகளில் இப்போது தலா 10 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகள். முன்பு தலா 20 நிமிடங்கள் கொண்ட இரு பாதிகளாக இருந்தது. மொத்த நேரம் மாறவில்லை. பாதி ஆட்டம் முடிந்ததும் அணிகள் பக்கம் மாறிக்கொள்ளும். நேரம் முடியும் தருவாயில் பெனால்டி கார்னர் வழங்கப்பட்டிருந்தால் அது முடியும்வரை ஆட்டம் நீட்டிக்கப்படும்.

பந்தை ஓங்கி அடிக்கக் கூடாது என்கிறார்களே, ஏன்?

மைதான ஹாக்கியிலிருந்து வருபவர்கள் முதலில் தடுமாறுவது இந்த விதியில்தான். உள்ளரங்கில் மட்டையைப் பின்னுக்கு வீசிப் பந்தை அடிப்பது முற்றிலும் தடை. அரைகுறையாக வீசி அறைவதும் அடியாகவே கருதப்படும். பந்தோடு மட்டையை ஒட்டவைத்துத் தள்ளும் புஷ், அரைவட்டத்துக்குள் கோலை நோக்கிச் சுண்டி எழுப்பும் ஃப்ளிக், வரும் பந்தின் திசையை மட்டையால் திருப்பிவிடுவது ஆகியவை மட்டுமே அனுமதிக்கப்படுகின்றன.

காரணம் பந்திலேயே இருக்கிறது. ஹாக்கிப் பந்தின் எடை 156 முதல் 163 கிராம். கிரிக்கெட் பந்தின் எடையும் அதேதான். உராய்வு மிகக் குறைந்த மரத்தரையில் அத்தகைய பந்தை முழு வீச்சில் அடித்தால், சில மீட்டர் தொலைவில் நிற்பவரால் விலகக்கூட முடியாது. எனவே அடி நீக்கப்பட்டது. ஆனால் அதனால் ஆட்டம் மெதுவாகிவிட்டது என்று எண்ண வேண்டாம்: வழவழப்பான தரையில் நன்றாகத் தள்ளப்பட்ட பந்து வேகம் குறையாமல் களத்தின் மறுமுனைவரை செல்லும். வலிமையை விட நேரமும் கோணமும் பெரிதாகிவிடுவதால், உடல் பலத்தில் சற்றுப் பின்தங்கிய இளம் ஆட்டக்காரர்களும் இங்கே மூத்தவர்களோடு சரிசமமாக நிற்க முடிகிறது. இந்த ஆட்டத்தின் மிகச் சிறந்த விதி எது என்று கேட்டால் நான் இதையே சொல்வேன்.

பந்தைத் தரையிலிருந்து எப்போது உயர்த்தலாம்?

அரைவட்டத்துக்குள் இருந்து கோலை நோக்கி அனுப்பும்போது மட்டும். மற்ற இடங்களில் பந்து தரையோடுதான் செல்ல வேண்டும். சக ஆட்டக்காரருக்கு உயர்த்தித் தருவதும், எதிராளியின் மட்டைக்கு மேலாக வேண்டுமென்றே தாண்டவைப்பதும் தவறு. பந்தை நிறுத்தும்போது தற்செயலாகச் சிறிதளவு துள்ளினால், அதனால் எவருக்கும் ஆபத்தோ பாதிப்போ இல்லாதவரை நடுவர் ஆட்டத்தைத் தொடரவிடுவார். கோலை நோக்கிய ஃப்ளிக்கும்கூட அருகில் நிற்பவரின் உடலைக் குறிவைத்தாற்போல வந்தால் ஆபத்தான ஆட்டமாகவே கருதப்படும்.

எப்போது கோல் வழங்கப்படும்?

அரைவட்டத்துக்குள் தாக்கும் அணியின் ஆட்டக்காரர் ஒருவரது மட்டை பட்ட பந்து, மீண்டும் அரைவட்டத்தை விட்டு வெளியேறாமல், கோல் கோட்டை முழுவதுமாகக் கடக்க வேண்டும். அரைவட்டத்துக்கு வெளியிலிருந்து தள்ளிய பந்து யார் மட்டையிலும் படாமல் நேரே உள்ளே போனால் கோல் இல்லை.

காலில் பந்து பட்டால் உடனே தவறா?

தானாக வந்து பட்டது என்பதற்காக மட்டும் தவறாகாது. அதனால் அந்த அணிக்கு ஆதாயம் கிடைத்ததா, அல்லது பந்தைத் தடுக்கும் நோக்கத்தோடு கால் அங்கே வைக்கப்பட்டதா என்பதையே நடுவர் பார்ப்பார். ஆனால் இடம் இவ்வளவு நெருக்கமாக இருக்கையில் காலில் பட்ட பந்து யாருக்காவது ஆதாயமாக முடிவதே வழக்கம் என்பதால் ஊதல் அடிக்கடி கேட்கும். கோல்கீப்பருக்கு மட்டும், அவருடைய அரைவட்டத்துக்குள், உடலின் எந்தப் பகுதியாலும் பந்தைத் தடுக்க உரிமை உண்டு.

ஆட்டக்காரர்கள் ஏன் அவ்வளவு குனிந்து நிற்கிறார்கள்? மண்டியிடலாமா?

மண்டியிடக் கூடாது. தரையில் படுத்தபடியோ, முழங்காலையோ கையையோ தரையில் ஊன்றியபடியோ பந்தை ஆடுவது தவறு. கோல்கீப்பருக்கு அவருடைய அரைவட்டத்துக்குள் விலக்கு உண்டு. மற்றவர்களுக்கு ஒரே ஒரு சலுகை: மட்டையைப் பிடித்திருக்கும் கை தரையைத் தொடலாம்.

இந்தச் சிறு சலுகைதான் உள்ளரங்கத் தடுப்பாட்டத்துக்கே அடிப்படை. தடுப்பவர் தொடை தரைக்கு இணையாகும்வரை தாழ்ந்து, மட்டையை முழு நீளத்துக்கும் தரையோடு படியவைத்து, இடது கையின் விரல் கணுக்கள் மரத்தில் உரசும்படி நிற்பார். அப்போது ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலத்துக்கு ஒரு தடுப்புச்சுவர் எழுந்துவிடுகிறது. பந்தை உயர்த்தவும் முடியாத எதிராளி அதைச் சுற்றித்தான் போக வேண்டும். இடது கைக்குப் பஞ்சு வைத்த கையுறை அணிவதன் காரணமும் இதுவே. கையுறை இல்லாமல் ஆடியவரின் கணுத்தோல் அன்று மாலையே காரணத்தைச் சொல்லிவிடும்.

பலகை ஓரத்தில் எதிராளியை மடக்கி நிறுத்தலாமா?

பந்தோடு இருப்பவரைப் பலகையோரத்திலோ மூலையிலோ நெருக்கி, தரையில் கிடத்திய மட்டைகளால் எல்லா வழிகளையும் அடைத்துவிடுவதை விதிகள் ஏற்பதில்லை. பந்து வெளியேற ஒரு வழி விடப்பட வேண்டும். மறுபுறம், பந்தை வைத்திருப்பவரும் உடலால் அதை மறைத்துக்கொண்டு எதிராளியை நெருங்கவிடாமல் நிற்கக் கூடாது. எதிராளியின் மட்டையை அடிப்பது, கொக்கியிட்டு இழுப்பது, தோளால் இடிப்பது ஆகியவையும் மைதான ஹாக்கியைப் போலவே தவறுகள்.

ஃப்ரீ புஷ் எடுக்கும் முறை என்ன?

மைதான ஹாக்கியின் ஃப்ரீ ஹிட்டுக்கு இங்கே ஃப்ரீ புஷ் என்று பெயர். தவறு நடந்த இடத்துக்கு அருகே பந்தை நிறுத்தி, எதிரணியினர் குறைந்தது 3 மீட்டர் விலகி நிற்க, ஆட்டம் தொடங்கும். எடுப்பவரே பந்தைத் தொடர்ந்து நகர்த்திச் செல்லலாம். எதிரணியின் பாதிக்குள் கிடைத்த ஃப்ரீ புஷ்ஷை நேரே அரைவட்டத்துக்குள் அனுப்ப முடியாது. பந்து 3 மீட்டர் நகர்ந்திருக்க வேண்டும், அல்லது வேறொருவர் தொட்டிருக்க வேண்டும். விரைவாக எடுக்கும் அணிக்கே லாபம் என்பதால், ஊதல் கேட்டவுடன் நடுவரோடு வாதிட நிற்பவர் தன் அணிக்குத்தான் தீங்கு செய்கிறார்.

பெனால்டி கார்னர் எதற்காக வழங்கப்படுகிறது, எப்படி எடுக்கப்படுகிறது?

அரைவட்டத்துக்குள் தடுக்கும் அணியினர் தற்செயலாகச் செய்யும் தவறுகளுக்கும், பந்து வசமில்லாத எதிராளி மீது வேண்டுமென்றே செய்யும் தவறுகளுக்கும் இது வழங்கப்படும். அரைவட்டத்துக்கு வெளியே இருந்தாலும் தன் சொந்தப் பாதிக்குள் ஒருவர் வேண்டுமென்றே தவறிழைத்தால் பெனால்டி கார்னர்தான். மைதான ஹாக்கியில் இதற்கான எல்லை 23 மீட்டர் கோடு; இங்கே பாதிக் களம் முழுவதுமே அபாயப் பகுதி. தடுப்பவர் தன் பின்கோட்டுக்கு (கோல் இருக்கும் பக்கத்து எல்லைக்கோட்டுக்கு) வெளியே பந்தை வேண்டுமென்றே தள்ளிவிட்டாலும் இதே தண்டனை. ஆகவே ஓர் ஆட்டத்தில் பெனால்டி கார்னர்கள் மளமளவென்று சேர்ந்துவிடுகின்றன. பல ஆட்டங்களின் முடிவும் இவற்றாலேயே அமைகிறது.

எடுக்கும் முறை இது. தாக்கும் அணியின் ஒருவர், கோல் கம்பத்திலிருந்து 6 மீட்டர் தள்ளிப் பின்கோட்டில் பந்தை வைத்து, ஒரு காலாவது களத்துக்கு வெளியே இருக்கும்படி நின்று தள்ளுவார். அவருடைய அணியின் மற்றவர்கள் அரைவட்டத்துக்கு வெளியே காத்திருப்பார்கள். தடுக்கும் அணியில் கோல்கீப்பர் கோலுக்குள் நிற்பார். மற்ற ஐவரும் கோலுக்கு மறுபுறம், அதாவது பந்து தள்ளப்படும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில், பின்கோட்டுக்கு வெளியே நிற்பார்கள். பந்து தள்ளப்பட்ட பிறகே அவர்கள் உள்ளே ஓடி வரலாம். பந்து அரைவட்டத்தை விட்டு ஒருமுறை வெளியே சென்று திரும்பியிருந்தால்தான் கோல் செல்லும்.

மைதானத்தில் கோல்கீப்பரையும் சேர்த்து ஐவர் மட்டுமே தடுக்க, மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால் இருக்க வேண்டும். இங்கே அணி முழுவதும் தடுக்கலாம். பார்க்கும்போது தடுப்பவருக்குச் சாதகமாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டில் தாக்குபவருக்கும் ஒரு கதவு திறந்திருக்கிறது. தடுப்பவர்கள் ஐவரும் ஒரே பக்கத்திலிருந்து ஓடி வருவதால், பந்து தள்ளப்பட்ட பக்கம் ஒரு கணம் காலியாகக் கிடக்கும். பந்தை நிறுத்தியவுடன் நேரே ஃப்ளிக் செய்வதா, அல்லது ஓடி வருபவர்களைத் தன்பால் இழுத்துவிட்டு, பந்தைத் தள்ளிய ஆட்டக்காரரிடமே திருப்பித் தந்து கம்பத்தோரம் தொட்டுவிடச் செய்வதா என்பதை அணிகள் அந்தக் கணத்துக்காகவே ஒத்திகை பார்த்து வைத்திருக்கும். ஓடி வந்து தடுப்பவர்கள் முகக்கவசம் அணிய விதிகள் இடம் தருகின்றன, அணிவதே நல்லது.

பெனால்டி ஸ்ட்ரோக் எப்போது?

பெரும்பாலும் கோலாகியிருக்கக்கூடிய பந்தைத் தவறான முறையில் தடுத்தாலோ, அரைவட்டத்துக்குள் பந்தோடு இருப்பவர் மீது வேண்டுமென்றே தவறிழைத்தாலோ வழங்கப்படும். 7 மீட்டர் புள்ளியிலிருந்து ஒருவர் புஷ் அல்லது ஃப்ளிக் செய்ய, கோல்கீப்பர் மட்டும் எதிர்கொள்வார்.

அட்டைகளுக்கான தண்டனை என்ன?

பச்சை அட்டை பெற்றவர் 1 நிமிடமும், மஞ்சள் அட்டை பெற்றவர் குறைந்தது 2 நிமிடங்களும் வெளியே உட்கார வேண்டும். சிவப்பு அட்டை பெற்றவர் அந்த ஆட்டத்தில் திரும்ப முடியாது. மைதானத்தில் பச்சைக்கு 2 நிமிடம், மஞ்சளுக்குக் குறைந்தது 5 நிமிடம் என்பதோடு ஒப்பிட்டால் இது இளகிய தண்டனையாகத் தெரியலாம். ஆனால் அந்நேரம் முழுவதும் அணி ஓர் ஆள் குறைவாகவே ஆட வேண்டும். பதினொருவரில் ஒருவர் குறைவதும், ஐந்து களவீரர்களில் ஒருவர் குறைவதும் ஒன்றல்ல.

இரண்டு நடுவர்கள் ஆட்டத்தை நடத்துவார்கள். ஒவ்வொருவரும் ஒரு பாதிக்கு முதன்மைப் பொறுப்பு ஏற்பார்.

கோல்கீப்பர் இல்லாமல் ஓர் அணி ஆடலாமா?

ஆடலாம். தோற்றுக்கொண்டிருக்கும் அணி கடைசி நிமிடங்களில் கோல்கீப்பரை வெளியே எடுத்து ஆறாவது களவீரரை இறக்குவது உள்ளரங்கில் வழக்கமான காட்சி. ஆனால் அவருக்குக் கோல்கீப்பருக்குரிய சலுகை எதுவும் இல்லை. தன் கோலைக் காக்க நேர்ந்தாலும் மட்டையால் மட்டுமே காக்க வேண்டும். எதிர்க்கோல் 40 மீட்டர் தொலைவில்தான் இருக்கிறது; பந்தை இழந்த மறுகணமே ஆபத்து வந்துவிடும். இருந்தும் ஆறுக்கு ஐந்து என்ற கணக்கில் அரைவட்டத்தைச் சுற்றிப் பந்தைக் கைமாற்றிக்கொண்டே இருக்கும் அணியைத் தடுப்பது மிகக் கடினம் என்பதால் பயிற்சியாளர்கள் இந்தத் துணிச்சலை அடிக்கடி எடுக்கிறார்கள்.

மைதான ஹாக்கி மட்டையையே பயன்படுத்தலாமா?

விதிப்படி தடையில்லை. மட்டையின் நீளம் 105 சென்டிமீட்டருக்கும் எடை 737 கிராமுக்கும் மிகக் கூடாது. 51 மில்லிமீட்டர் விட்டமுள்ள வளையத்தின் வழியாக அது நுழைய வேண்டும். இந்த வரம்புகள் இரண்டு ஆட்டத்துக்கும் பொது. ஆனால் அடியின் அதிர்ச்சியைத் தாங்க வேண்டிய தேவை உள்ளரங்க மட்டைக்கு இல்லாததால் அது மெலிந்தும் எடை குறைந்தும் செய்யப்படுகிறது. தரையோடு கிடத்தித் தடுக்கவும், ஒரு கணத்தில் பக்கம் மாற்றவும் அந்த மெலிவு உதவும். உள்ளரங்க மட்டையை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போய் ஓங்கி அடித்தால் அது உடையக்கூடும். மைதான மட்டையோடு அரங்குக்குள் வருவதில் சற்றுக் கனம் தவிர வேறு இடர் இல்லை.

தரையில் கறை பதிக்காத அடியுள்ள காலணி, கணைக்கால் கவசம், பல்கவசம் ஆகியவை தேவை. கூர்முனை உள்ள மைதானக் காலணிகளுக்கு எந்த அரங்கிலும் அனுமதி இராது.

அணிகள் எப்படி நிற்கின்றன? அடிப்படை உத்தி என்ன?

இருவர் பின்னே, ஒருவர் நடுவே, இருவர் முன்னே என்பது பரவலான அமைப்பு. நடுவே ஒருவரை வைக்காமல் நால்வரைச் சதுரமாக நிறுத்தி ஒருவரை முன்னே அனுப்புவதும் உண்டு. எந்த அமைப்பானாலும் நடுக்களத்தை மூடிவிட்டு எதிராளியைப் பலகையோரம் தள்ளுவதே தடுப்பாட்டத்தின் நோக்கம். ஓரத்தில் அவருக்கு ஒரு பக்கம் பலகை, மறுபக்கம் நம் மட்டை.

தாக்கும் அணியின் தலைவலி வேறு. பந்தை உயர்த்தவும் முடியாது, ஓங்கி அடிக்கவும் முடியாது. எதிரே தரையோடு கிடக்கும் மட்டைகளின் வேலி. எனவே பின்வரிசையில் பந்தை இடமும் வலமுமாகப் பொறுமையாக மாற்றி, வேலி நகரும்போது தோன்றும் இடுக்கில் சட்டென்று முன்னே அனுப்புவார்கள். பந்தை எதிராளியின் மட்டை முனைவரை நீட்டிக் காட்டி, அவர் எட்டும் கணத்தில் தன் பக்கம் இழுத்து வேறு கோணத்தில் வெளியேறும் அசைவு, தனி ஆட்டக்காரர் கற்க வேண்டியவற்றில் முதலாவது. முன்வரிசையினர் கோலுக்கு முதுகு காட்டி நின்று பந்தை வாங்கித் திரும்பப் பழக வேண்டும். எதிராளியின் காலைத் தேடிப் பந்தைத் தள்ளி பெனால்டி கார்னர் வாங்குவதும் ஓர் உத்தியே; பார்வையாளருக்குச் சலிப்பூட்டினாலும் விதிக்குள் அடங்கியது.

ஃப்ளோர்பாலும் ஹாக்கி5எஸும் இதுவேதானா?

இரண்டும் வேறு. ஃப்ளோர்பால் சுவீடனில் 1970களில் வளர்ந்தது. 23 கிராம் எடையுள்ள துளைகள் கொண்ட பிளாஸ்டிக் பந்தையும் வளைந்த பிளாஸ்டிக் முனை கொண்ட மட்டையையும் பயன்படுத்துவது. மட்டையின் இரு பக்கங்களாலும் ஆடலாம். களம் 40-க்கு 20 மீட்டர் என்றாலும் சுற்றிலும் 50 சென்டிமீட்டர் உயரப் பலகை இருக்கும். அதற்குத் தனிச் சர்வதேச சம்மேளனம் உண்டு.

ஹாக்கி5எஸ், சர்வதேச ஹாக்கி சம்மேளனமே உருவாக்கிய, அணிக்கு ஐவர் ஆடும் ஆட்டம். அதன் முதல் உலகக் கோப்பை 2024 ஜனவரியில் ஓமனின் மஸ்கட்டில் நடந்தது. பெண்கள் பிரிவில் இந்திய அணி இறுதிப்போட்டிவரை சென்று நெதர்லாந்திடம் தோற்றது. 2018-ஆம் ஆண்டின் புவெனஸ் ஐரிஸ் இளையோர் ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஆண்கள், பெண்கள் அணிகள் இரண்டும் வெள்ளி வென்றதும் இந்த வடிவத்தில்தான். இந்தச் செய்திகளை உள்ளரங்க ஹாக்கியின் கணக்கில் எழுதிவிடும் குழப்பம் அவ்வப்போது நேர்கிறது.

உலக அளவில் எந்த நாடுகள் வலிமையானவை?

உள்ளரங்க உலகக் கோப்பை 2003-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் தொடங்கியது. ஆண்கள், பெண்கள் பட்டங்கள் இரண்டையும் ஜெர்மனியே வென்றது. பிறகு 2007-இல் வியன்னா, 2011-இல் போலந்தின் போஸ்னான், 2015-இல் மீண்டும் லைப்சிக், 2018-இல் பெர்லின், 2023-இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா, 2025-இல் குரோவேஷியாவின் பொரேச் எனத் தொடர்ந்தது. கொரோனா காரணமாக 2021-க்கான போட்டி நடக்கவில்லை.

மைதான ஹாக்கியின் வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டு இந்தப் பட்டியலைப் பார்ப்பவருக்கு வியப்பு காத்திருக்கிறது. மைதானத்தில் அதிகம் பேசப்படாத ஆஸ்திரியா 2018-இல், பெர்லினில் ஜெர்மனியை அதன் சொந்த மண்ணில் ஷூட்-அவுட் முறையில் வீழ்த்தி ஆண்கள் கோப்பையை வென்றது, 2023-இலும் தக்கவைத்துக்கொண்டது. அதே பெர்லின் போட்டியில் மூன்றாமிடம் பெற்றது ஈரான். ஆசிய உள்ளரங்கப் போட்டிகளில் நெடுங்காலமாக ஆதிக்கம் செலுத்தும் நாடும் அதுவே. பெரிய செயற்கைப் புல்வெளிகளுக்கு வசதியில்லாத நாடும், கிடைத்த அரங்குக்குள் ஆடிப் பழகினால் உலகத் தரத்தை எட்ட முடியும் என்பதற்கு இவ்விரண்டும் சான்று. இந்தியாவும் பாகிஸ்தானும் மைதான ஹாக்கிக்குத் தரும் கவனத்தின் சிறு பகுதியைக்கூட இதற்குத் தந்ததில்லை.

நம் ஊர்ப் பள்ளியிலோ கல்லூரியிலோ இதைத் தொடங்க என்ன வேண்டும்?

முழு அளவுக் களத்துக்குக் குறைந்தது 36 மீட்டர் நீளமும் 18 மீட்டர் அகலமும் வேண்டும். கூடைப்பந்துக் களம் 28-க்கு 15 மீட்டர்தான். கல்லூரி உள்ளரங்குகள் பல அந்த அளவிலேயே இருப்பதால், அங்கே கோல்கீப்பரைச் சேர்த்து நால்வர் அல்லது ஐவர் கொண்ட அணிகளாகத் தொடங்குவது பொருத்தம். அரைவட்டத்தையும் அதற்கேற்பச் சுருக்கி வண்ண நாடாவால் ஒட்டிக்கொள்ளலாம்.

பக்கப்பலகைக்குத் தச்சரிடம் சொல்லி 10 சென்டிமீட்டர் சதுரக் கட்டைகளை இரண்டு மீட்டர் துண்டுகளாக அறுத்து வாங்கலாம். இணைப்புகளில் இடைவெளி இருந்தால் பந்து எதிர்பாராத திசையில் துள்ளும் என்பதால், துண்டுகள் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும்படி செய்யச் சொல்வது நல்லது. தொடக்கத்தில் நீள பெஞ்சுகளைப் பக்கவாட்டில் கவிழ்த்து வைத்தே சமாளிக்கலாம். சிமென்ட் தரையிலும் ஆடலாம் என்றாலும், மட்டையின் அடிப்பகுதி விரைவில் தேய்ந்துவிடும். மட்டை முனையில் நாடா சுற்றினால் சிறிது காலம் தாங்கும். தரையில் மணல் துகள் இருந்தால் பந்தின் பாதையும் கெடும், கால்களும் வழுக்கும். ஆட்டத்துக்கு முன் ஒருமுறை பெருக்கி, ஈரத்துணியால் துடைத்துக் காயவிட வேண்டும்.

முதல் சில வாரங்கள் கோல் இல்லாமல், பலகையில் மோதவிட்டுப் பந்தைப் பரிமாறும் பயிற்சியையும், மட்டையைத் தரையில் கிடத்தித் தடுக்கும் நிலையையும் மட்டும் பழக்குவது பலன் தரும். ஓங்கி அடிக்கும் பழக்கமுள்ள மாணவர்களிடம் மட்டையைப் பின்னுக்கு வீசினாலே பந்து எதிரணிக்கு என்ற விதியை முதல் நாளிலிருந்தே தளர்வின்றிப் பின்பற்ற வேண்டும். கோல்கீப்பருக்கு முழுக் கவசமும் தலைக்கவசமும் கிடைக்கும்வரை அரைவட்டத்துக்குள்ளும் பந்தை உயர்த்தக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.